நிற்கும் வண்டிக்கு யார் பணம் தருவது?

ஒரு லட்சம் பேருக்கு அடிப்படை உயிர்காப்பு வசதியுள்ள ஆம்புலன்ஸ் ஒன்று, ஐந்து லட்சம் பேருக்கு உயர்நிலை உயிர்காப்பு வசதியுள்ளது ஒன்று. தேசிய நலவாழ்வுக் குழுமம் மாநிலங்களுக்கு நிதி தரும்போது கையில் வைத்திருக்கும் அளவுகோல் இது. தலைக்கணக்கு என்பதால் காகிதத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. இதைத் தமிழ்நாட்டின் இரண்டு மாவட்டங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாவட்டத்தில் 46 லட்சம் பேர். பரப்பு 180 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அளவுகோல்படி அடிப்படை வண்டிகள் 46. ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீட்டருக்கு ஒரு வண்டி. நீலகிரியில் 7.35 லட்சம் பேர். பரப்பு சுமார் 2,550 சதுர கிலோமீட்டர். அங்கே ஏழு வண்டிகள். அதாவது ஒவ்வொரு வண்டியும் 360 சதுர கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் கொண்டை ஊசி வளைவுகளிலும் தேயிலைத் தோட்டத்துப் பாதைகளிலும்.

தமிழ்நாடு இந்த அளவுகோலோடு நின்றுவிடவில்லை. 2011 மக்கள்தொகைக்கு இரண்டு வகையும் சேர்த்து 865 வண்டிகள் போதும் என்று கணக்கு சொல்லும். இன்று 108 சேவையில் 1,300க்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. மலைப்பகுதிகளுக்கு நான்கு சக்கர உந்துவிசை வண்டிகள், பச்சிளங்குழந்தைகளுக்குத் தனி வண்டிகள், சென்னையில் 2016 முதல் பைக் ஆம்புலன்ஸ் என்று மாநிலம் தன் கையிருப்பிலிருந்து நிறையவே சேர்த்திருக்கிறது. ஆகவே இங்கே பேச்சு கஞ்சத்தனத்தைப் பற்றியதல்ல. பணம் எதைப் பார்த்துத் தரப்படுகிறது என்பதே கேள்வி. ஆம்புலன்ஸ் சேவையின் உண்மையான உழைப்பு, அழைப்பு வருவதற்கு முன்பு நடக்கிறது. ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் ஆக்சிஜன் நிரம்பிய வண்டியோடு ஓர் இடத்தில் தயாராக நிற்கிறார்களே, அரசு வாங்க வேண்டிய சரக்கு அதுதான். நம் நிதி ஏற்பாடுகளோ வண்டியை எண்ணுகின்றன, இல்லாவிட்டால் பயணத்தை எண்ணுகின்றன. நிற்பதை எண்ண எவரும் இல்லை.

இந்தச் செலவு அரசின் கடமையா என்ற கேள்விக்கு நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. கடைசியில் அவர் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துச் சிகிச்சை பெற்றார். அவருக்காகப் பஸ்சிம் வங்க கேத் மஸ்தூர் சமிதி தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசரச் சிகிச்சை மறுக்கப்படுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது; பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது. 25,000 ரூபாய் இழப்பீடு என்பதோடு அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று சொல்லும் மையத் தகவல் ஏற்பாடு வேண்டும், தகுந்த கருவிகளும் ஆட்களும் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும் என்றும் அது பட்டியலிட்டது. இன்று 108 கட்டுப்பாட்டு அறையில் நாம் பார்ப்பதன் வரைபடம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

வரைபடம் நிஜமாக ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் 108 தொடங்கியது. சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு தொடங்கிய அவசர மேலாண்மை ஆராய்ச்சி நிறுவனம், அதாவது இ.எம்.ஆர்.ஐ., அதை நடத்தியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே சிறு முயற்சிகள் இருந்தன. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, முக்கியமாகப் பிரசவ அவசரங்களுக்காக, ஆம்புலன்ஸ் ஓட்டிப் பார்த்தார்கள். 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், மாநிலத்துக்கு 108 வந்தது. அதுவரை கிராமத்தில் நெஞ்சுவலி வந்தவருக்கு வாடகைக் கார்தான் ஆம்புலன்ஸ். இரவு இரண்டு மணிக்கு அந்தக் காரின் வாடகையை யார் முடிவு செய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

2009 ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி வெளியானது. நிறுவனர் சிறைக்குப் போனார். 108 நின்றுவிடும் என்று பலரும் பயந்தார்கள். நிற்கவில்லை, ஜி.வி.கே. குழுமம் நிர்வாகத்தை ஏற்றது, வண்டிகள் ஓடின. அது எப்படி முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 'கார்ப்பரேட் கொடை' என்று விளம்பரம் பெற்ற சேவையின் இயக்கச் செலவில் மிகப் பெரும்பகுதியை அதற்குள்ளாகவே மாநில அரசுகள் கொடுத்துக்கொண்டிருந்தன. டீசலும் சம்பளமும் வரிப்பணம். பெயர்ப்பலகை மட்டும் தனியாருடையது.

மத்திய அரசு தன் பங்கை எப்படி வகுத்தது என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வுக் குழுமம் ஆம்புலன்ஸ் வாங்கும் முதலீட்டுச் செலவுக்குக் கைகொடுத்தது. 108இன் இயக்கச் செலவில் முதல் ஆண்டு 60 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 40, பிறகு 20 என்று இறங்குமுகமான பங்கை வைத்தது. குழந்தை நடக்கக் கற்றதும் கையை விடுவது போன்ற ஏற்பாடு என்று டெல்லியில் நினைத்திருக்கலாம். ஆனால் ஆம்புலன்ஸ் சேவை பழகப் பழகச் செலவு குறையும் ரகமல்ல. மூன்றாம் ஆண்டில் வண்டி தேய்கிறது, டயர் மாற்ற வேண்டும், சம்பளம் ஏற வேண்டும், 108 என்ற எண் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதால் அழைப்புகளும் கூடுகின்றன. செலவு ஏறும் வேளையில் பங்கு இறங்குகிறது. வருவாய் வலுவான மாநிலம் சமாளித்துக்கொள்ளும். ஆம்புலன்ஸ் மிக அதிகமாகத் தேவைப்படும் ஏழை மாநிலம் என்ன செய்யும்? வண்டியை நிறுத்தும், இல்லையேல் சம்பளத்தைப் பிடிக்கும்.

அமெரிக்கா இதே பாதையில் முன்பே போய்த் தடுக்கி விழுந்திருக்கிறது. 1966இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அகாதமி வெளியிட்ட அறிக்கை ஒரு வினோதமான தகவலைச் சொன்னது: நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை நடத்தியவர்கள் இறுதிச் சடங்கு நடத்துவோர், சுமார் 12,000 பேர். படுக்க வைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அறிக்கையின் அதிர்ச்சியில் 1973இல் அவசர மருத்துவ அமைப்புகள் சட்டம் வந்தது. வட்டார வட்டாரமாகக் கூட்டாட்சி அரசின் மானியம் போனது. 1981இல் ரீகன் அரசு அந்த நிதியை வேறு பல திட்டங்களோடு சேர்த்து ஒரே தொகுப்பு மானியமாக மாநிலங்களிடம் கொடுத்து ஒதுங்கியது. தனிப் பெயரில் வந்த பணம் பொதுப் பெட்டியில் விழுந்ததும் அதன் மீதான உரிமை நீர்த்துப்போனது. இன்றும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் காவல், தீயணைப்புபோல ஆம்புலன்ஸ் சட்டப்படி கட்டாயமான அடிப்படைச் சேவையாக இல்லை. ஐயோவா மாநிலம் 2021இல்தான் மாவட்டங்கள் விரும்பினால் அப்படி அறிவித்து அதற்கென வரி கேட்கலாம் என்று சட்டம் செய்தது.

அங்கே கிராமப்புற ஆம்புலன்ஸை வாட்டுவது கட்டணம் தரப்படும் விதம். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, நோயாளியை ஏற்றிச் சென்றால் மட்டுமே பணம் தரும். சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றி, அவர் எழுந்து உட்கார்ந்து வீட்டிலேயே இருந்துவிட்டால், வண்டி வந்த செலவு சேவை நடத்துபவர் தலையில். ஊரகப் பயணத்துக்கு 3 விழுக்காடும், மக்கள் மிகக் குறைவாக வாழும் பகுதிகளுக்கு 22.6 விழுக்காடும் கூடுதல் உண்டு. ஆனால் இவை தற்காலிகச் சலுகைகள். காலாவதித் தேதி நெருங்க நெருங்க நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். ஆண்டுக்கு முந்நூறு பயணம்கூடத் தேறாத சிற்றூரில் இந்தக் கூடுதலால் ஒருவருக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால்தான் பல சிற்றூர்களில் வேறு வேலை பார்க்கும் தன்னார்வலர்கள் பேஜர் ஒலித்ததும் ஓடி வந்து வண்டி எடுக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது, அடுத்த தலைமுறை முன்வரவில்லை.

நம் ஊரில் நோயாளியிடம் பில் கிடையாது. அது பெரிய சாதனை. ஆனால் பயணத்தை எண்ணும் புத்தி இங்கும் ஒப்பந்தங்கள் வழியாக நுழைகிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று பணம் தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜஸ்தான் வழக்கு ஒரு பாடம். நடக்காத பயணங்களுக்கெல்லாம் பில் போட்டதாக, 108 நடத்திய தனியார் நிறுவனத்தின்மீது சிபிஐ 2015இல் வழக்குப் பதிவு செய்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், அந்தக் கட்டண முறை எந்தத் திசையில் ஆசை காட்டுகிறது என்பது தெளிவு. மாத நிலைக்கட்டணம் தரும் இடங்களில் ஏமாற்ற வாய்ப்பு குறைவு. ஆனால் அங்கே வேறொரு சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: 'பயன்பாடு குறைவு'.

இந்தச் சொல்லின் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு வண்டியின் மாதச் செலவு 2 லட்சம் ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நகரத்து வண்டி நாளுக்கு ஆறு கேஸ் எடுக்கிறது, மாதம் 180, கேஸுக்குச் சுமார் 1,100 ரூபாய். மலையடிவாரத்து வண்டி நாளுக்கு இரண்டு, மாதம் 60, கேஸுக்கு 3,300 ரூபாய்க்கு மேல். மேசையில் இந்தத் தாளைப் பார்க்கும் அதிகாரி என்ன குறிப்பு எழுதுவார் என்று நமக்குத் தெரியும். வண்டியை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்பார். இப்போது அதே வண்டிகளை நேரத்தால் அளப்போம். நகரத்தில் ஒரு கேஸ் எடுத்து, இறக்கி, நிலைக்குத் திரும்ப ஒரு மணி நேரம். மலையில் மூன்று மணி நேரம். ஆறு கேஸுக்கும் ஆறு மணி நேரம், இரண்டு கேஸுக்கும் ஆறு மணி நேரம். உழைப்பில் இரண்டு வண்டிக்கும் இம்மியும் வேறுபாடில்லை. கணக்கில் மட்டும் ஒன்று மூன்று மடங்கு வீண்செலவாகத் தெரிகிறது. இந்த எண்கள் என் கற்பிதம், விகிதம் கற்பிதமல்ல.

தீயணைப்பு நிலையத்தை எவரும் இப்படி அளப்பதில்லை. இந்த மாதம் தீ விபத்து குறைவு, ஆகவே நிலையத்தை மூடலாம் என்று கோப்பு நகராது. காரணம், அது ஓர் அரசுத் துறை; அதன் சம்பளம் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் தானாக வந்து நிற்கிறது. ஆம்புலன்ஸ் ஒரு 'திட்டம்'. திட்டத்துக்கு ஒப்பந்தம் உண்டு, ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. முடிவுத் தேதி வரும்போது குறைந்த விலை சொன்னவருக்கே அடுத்த ஒப்பந்தம்.

குறைந்த விலை எங்கிருந்து வரும்? டீசல் விலையை யாரும் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது ஆள்செலவு ஒன்றுதான். ஒரு வண்டியில் இரண்டு பேர் நாள் முழுக்க, ஆண்டு முழுக்க இருக்க வேண்டும் என்றால் 17,520 பணி மணி நேரம் தேவை. மாதம் 26 நாள், நாளுக்கு 12 மணி நேரம் என்று வேலை வாங்கினால் வண்டிக்கு ஐந்து பேருக்குள் ஒப்பேற்றிவிடலாம். எட்டு மணி நேரப் பணி என்றால் ஏழு பேர் வேண்டும். 108 தொழிலாளர் சங்கங்கள் எட்டு மணி நேர வேலையை ஏன் ஆண்டுக்கணக்காகக் கேட்கின்றன, அது ஏன் கிடைக்காமலே இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு ஆள் வித்தியாசமே விடை. வண்டி ஒன்றுக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் ஆள்செலவு கூடும். அந்தப் பணத்தை அரசு ஒப்பந்தத்தில் எழுதித் தராதவரை, பன்னிரண்டாம் மணி நேரத்தில் ஒரு மலைப்பாதையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரின் தூக்கத்தில்தான் நாம் மிச்சம் பிடிக்கிறோம்.

ஊர்ப்புறத்து வண்டியின் நேரத்தை வேறொன்றும் விழுங்குகிறது. 'ரெஃபர் பண்ணிட்டாங்க' என்ற வாக்கியத்தைக் கேட்காத கிராமத்துக் குடும்பம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை, பிறகு மருத்துவக் கல்லூரி. ஒவ்வொரு படியிலும் ஏற்றிச் செல்வது பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த அதே 108 வகை வண்டிதான். அது எண்பது கிலோமீட்டர் தாண்டி மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்கும்போது அதன் சொந்த வட்டாரம் வெறுமையாகக் கிடக்கிறது. அடுத்த அழைப்புக்குப் பக்கத்து வட்டார வண்டி வர வேண்டும். அதனால் அந்த வட்டாரமும் காலியாகும். மருத்துவமனையின் பற்றாக்குறைக்கான செலவு ஆம்புலன்ஸ் தலையில் ஏறுகிறது, எந்தக் கணக்கிலும் அப்படிப் பதிவாகாமல். மருத்துவமனைக்கு மருத்துவமனை மாற்றும் வண்டிகளைத் தனியாகப் பிரித்து, அதன் செலவை அனுப்பும் மருத்துவமனையின் பட்ஜெட்டில் வைத்தால் தேவையற்ற ரெஃபரல்கள் தாமாகக் குறையும் என்று நான் நினைக்கிறேன். இன்று அனுப்புகிறவருக்கு அது செலவே இல்லை.

வண்டிக்கு மட்டும் பணம் கிடைப்பதில் நம் அரசியலுக்கும் பங்குண்டு. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆம்புலன்ஸ் வாங்கலாம்; அந்த நிதி நிலையான சொத்துகளுக்கானது, ஓட்டுநர் சம்பளத்துக்கு அதில் இடமில்லை. கொடியசைத்துத் தொடங்கி வைக்கும் படம் மறுநாள் நாளிதழில் வரும். சம்பளப் பட்டியலுக்குக் கொடியசைக்க வழியில்லையே. 2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலை உச்சத்தில், பீகாரின் சாரண் மாவட்டத்தில் தொகுதி நிதியில் வாங்கிய ஆம்புலன்ஸ்கள் வரிசையாகத் துணி போர்த்தி நிறுத்தப்பட்டிருந்த காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. சொல்லப்பட்ட விளக்கம்: ஓட்டுநர்கள் கிடைக்கவில்லை. அந்த விளக்கத்தை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை. நம்முடைய நிதி முறை அச்சடித்து வெளியிடக்கூடிய காட்சிதான் அது.

சாலை விபத்துச் சிகிச்சைக்குப் புதிதாக வரும் பணமும் வண்டியைத் தாண்டியே போகிறது. தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் வழியில் மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம் ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சிகிச்சை தருகிறது. இரண்டும் நல்ல திட்டங்கள், இரண்டும் மருத்துவமனை வாசலிலிருந்து தொடங்குகின்றன. 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊரகப் பகுதிகளில் இறந்தவர்கள். அவர்களில் பலருக்கு வாசல்வரை போய்ச் சேர்வதுதான் பிரச்சினை. பாம்புக்கடியும் அப்படியே. 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை ஆராய்ந்த ஆய்வு, ஆண்டுக்குச் சராசரி 58,000 இந்தியர்கள் பாம்புக்கடியில் இறப்பதாக மதிப்பிட்டது, பெரும்பாலோர் கிராமத்தவர்.

சாலையே இல்லாத ஊருக்கு எந்த நிதிச் சூத்திரமும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேர்வதற்குள் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் நின்றுவிட, தாய் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் டோலி கட்டி நோயாளியைச் சுமந்து வரும் வழக்கம் பழங்கதையாகிவிடவில்லை. அந்த ஊர்களில் அவசரச் சேவைக்கான முதல் ஒதுக்கீடு நெடுஞ்சாலைத் துறைக்கும் வனத்துறை அனுமதிக்கும் உரியது.

வண்டி தருவதும் சேவை தருவதும் வேறு வேறு என்பதை இலங்கையும் காட்டியது. 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் இந்திய மானியத்தில் 88 வண்டிகளோடு 1990 என்ற தொலைபேசி எண்ணில் 'சுவ செரிய' இலவச ஆம்புலன்ஸ் தொடங்கியது. தொடக்கத்தில் நடத்தியது நம் ஜி.வி.கே. இ.எம்.ஆர்.ஐ.தான். 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் விழா எடுத்து வடக்குக்கும் விரித்தார்கள். வண்டிகள் 297 ஆயின. அதே ஆண்டு இலங்கை நாடாளுமன்றம் ஒரு காரியம் செய்தது, நாம் இன்னும் செய்யாதது: தனிச் சட்டம் இயற்றி, சேவையைச் சட்டப்பூர்வ அமைப்பாக்கியது. 2022இல் டொலர் தீர்ந்து எரிபொருள் கிடைக்காமல் போனபோது சில இடங்களில் அந்த வண்டிகளும் நின்றன. சட்டம் டீசல் ஊற்றாது என்பது உண்மை. ஆனாலும் நெருக்கடிக்குப் பின் சேவை மீண்டெழ, ஒப்பந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை அங்கே இல்லை.

இங்கே செய்ய வேண்டியவை புதிராக எதுவுமில்லை. தலைக்கணக்கோடு தூரத்தையும் பயண நேரத்தையும் சேர்த்து வண்டிகளை ஒதுக்க வேண்டும். 60, 40, 20 என்ற இறங்குமுகப் பங்கைக் கைவிட்டு, டீசல் விலையோடும் சம்பள உயர்வோடும் சேர்ந்து ஏறும் நிலையான பங்கை மத்திய அரசு தர வேண்டும். ஒப்பந்தத்தில் எட்டு மணி நேரப் பணிக்கான ஆள்கணக்கை எழுதிவிட்டுப் பிறகு விலை கேட்க வேண்டும். மாநிலச் சராசரி என்ற போர்வையை விலக்கி, வண்டி வந்துசேர்ந்த நேரத்தை வட்டாரம் வட்டாரமாக வெளியிட வேண்டும். சராசரியில் அண்ணா சாலையும் ஆனைமலையும் ஒரே எண்ணாகிவிடுகின்றன.

இவற்றில் கடைசியாகச் சொன்னதற்கு அரசாணைகூட வேண்டியதில்லை. தகவல் கட்டுப்பாட்டு அறையின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. நலவாழ்வுத் துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது மொத்தம் எத்தனை வண்டி என்று எல்லா உறுப்பினர்களும் கேட்கிறார்கள், அமைச்சரும் பெருமையோடு சொல்கிறார். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நீங்களே கேளுங்கள்: போன ஆண்டு எங்கள் வட்டாரத்தில் ஒரு ஆம்புலன்ஸ்கூட நிற்காத மணி நேரம் எத்தனை?